ஐம்பது கிலோமீட்டர் கணக்கு: சிறிய மின்சாரக் கார் நமக்குச் சரிப்படுமா?

ஆசிரியர் ஓய்வறையில் மின்சாரக் கார் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவுங்க சார் ஓடும்?" ஒருவர் விளம்பரத்தில் படித்த எண்ணைச் சொல்வார். இன்னொருவர் "அதெல்லாம் சும்மாங்க, பாதிதான் ஓடும்" என்பார். அதற்குள் அடுத்த பாடவேளைக்கு மணி அடித்துவிடும். உண்மையில் வாங்கப்போகும் ஆசிரியர் அதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. நாம் ஒரு நாளில் எவ்வளவு தூரம் ஓட்டுகிறோம்? இரவில் மின்னேற்றும் இடம் நம்முடையதா, வாடகை வீடா? அடுத்த மாறுதல் கலந்தாய்வுக்குப் பின் எந்த ஊரில் வேலை பார்ப்போம்? ஏழெட்டு லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணை என்று சம்பளத்தின் மேல் ஏறி உட்காரும் செலவு இது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

வெண்ணந்தூர் ஒன்றியத்தையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள பள்ளிகளுக்குச் சேலத்திலிருந்தும் இராசிபுரத்திலிருந்தும் அன்றாடம் வந்து போகிறவர்கள் உண்டு. வெண்ணந்தூர் வரை பேருந்தில் வந்துவிடலாம். அங்கிருந்து அலவாய்மலை அடிவாரத்தை ஒட்டியோ உள்ளே தள்ளியோ இருக்கும் தொடக்கப் பள்ளிக்கு இறைவணக்கத்துக்கு முன் போய்ச் சேருவதுதான் சிரமம். அதனால் ஸ்கூட்டர். ஐப்பசி மழையிலும் மாலை இருட்டிலும் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரில் போவதைப் பற்றி வீட்டில் கவலைப்படாதவர்கள் இல்லை. கார் என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. பெட்ரோல் விலையை நினைத்ததும் அது மின்சாரக் கார் என்று மாறுகிறது.

இது நேற்றுப் பிறந்த யோசனையும் அல்ல. பெங்களூருவில் சேத்தன் மைனியின் ரேவா நிறுவனம் 2001லேயே சிறிய மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈய அமில மின்கலம், ஒரு மின்னேற்றத்தில் சுமார் 80 கி.மீ. ஓட்டம். இலண்டன் தெருக்களில் அது ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2010இல் மஹிந்திரா அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. ஆனால் நடுத்தரக் குடும்பங்கள் அந்த வண்டியைப் பெரிதாக வாங்கவில்லை. இடம் குறைவு, தூரம் குறைவு, மின்கலத்தின் ஆயுளும் குறைவு. லித்தியம் மின்கலம் மலிவான பிறகே நிலைமை மாறியது. 2022 செப்டம்பரில் டாடா டியாகோ இ.வி. 8.49 லட்சம் ரூபாய்த் தொடக்க விலையில் அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் எம்.ஜி. காமெட் 7.98 லட்சத்துக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் இரண்டின் தொடக்க விலையும் குறைந்து முறையே 7.99 லட்சம், 6.99 லட்சம் ஆயின. இவை காட்சியக விலைகள். காப்பீடும் பதிவும் தனி. சிறிய மின்சாரக் கார் என்று நம் பகுதியில் பேசும்போது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறோம்.

இரண்டும் ஒரே வகை அல்ல. டியாகோ ஐந்து கதவுள்ள வழக்கமான கார். அதில் 19.2 கிலோவாட் மணி, 24 கிலோவாட் மணி என இரண்டு அளவு மின்கலங்கள் உண்டு. பின்னால் 240 லிட்டர் சாமான் இடம் இருக்கிறது. காமெட் மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம் கொண்டது, 17.3 கிலோவாட் மணி மின்கலம், 12 அங்குலச் சக்கரம், இரண்டே பக்கக் கதவுகள். நால்வர் உட்காரலாம், ஆனால் பின்னால் உட்கார வேண்டியவர் முன்னிருக்கையை மடக்கி நுழைய வேண்டும். மூட்டு வலியுள்ள அம்மாவை மாதம் ஒருமுறை சேலத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர் இதை முதலில் யோசிக்க வேண்டும். நால்வரும் ஏறிவிட்டால் பைகளை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அறிவிக்கும் தூரமும் ஓடும் தூரமும்

24 கிலோவாட் மணி டியாகோ 315 கி.மீ. ஓடும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பிறகு அதே மின்கலத்துக்கு 293 என்ற எண் வந்தது. சிறிய மின்கலத்துக்கு 250 என்றிருந்தது 223 ஆயிற்று. வண்டி மாறவில்லை, தேர்வுமுறை மாறியது. இந்தியாவில் இந்தத் தூரத்தை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி அளக்கிறார்கள். முதல் பகுதி ஊருக்குள் ஓடுவது போன்ற மெதுவான ஓட்டம். அதிகபட்சம் மணிக்கு 50 கி.மீ. இரண்டாம் பகுதியில் வேகம் 90 வரை போகும். முன்பு முதல் பகுதியை மட்டும் வைத்துச் சொன்னார்கள். பின்னர் இரண்டையும் சேர்த்ததும் எண் குறைந்தது. எப்படி அளந்தாலும் அங்கே சித்திரை வெயில் இல்லை, குளிரூட்டி ஓடுவதில்லை, வேகத்தடை இல்லை. இரண்டு மாணவர்கள் ஒரே வினாத்தாளில் எடுத்த மதிப்பெண்களைப் போல, இந்த எண் இரண்டு வண்டிகளை ஒப்பிட உதவும். நம் ஊர்ச் சாலையில் எவ்வளவு ஓடும் என்பதை அது சொல்லாது.

நம் கணக்குக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. இந்த அளவுச் சிறிய கார் ஒரு கி.மீ. ஓட ஏறக்குறைய 0.12 யூனிட் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோவாட் மணி என்பது நாம் மின்கட்டணத்தில் பார்க்கும் அதே ஒரு யூனிட்தான். அப்படியானால் 24 யூனிட் மின்கலம் முழுதும் தீர 200 கி.மீ. யாரும் கடைசிச் சொட்டு வரை ஓட்டுவதில்லை. பத்துச் சதவீதம் மிச்சம் வைத்து, தொண்ணூறு வரை ஏற்றினால் கையில் இருப்பது 160 கி.மீ. 19.2 யூனிட் மின்கலத்துக்கு இதே கணக்கில் 128 வரும். காமெட் சற்று இலேசான வண்டி என்பதால் அதுவும் இதை ஒட்டியே வரும்.

அடுத்து வயது. டியாகோவின் மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. உத்தரவாதம் தருகிறார்கள். அந்தக் காலத்துக்குள் கொள்ளளவு குறையாது என்று அதற்குப் பொருளில்லை. கைப்பேசியில் பார்ப்பதுபோல மெல்லக் குறையும். எண்பது சதவீதத்துக்கு இறங்கினால் 24 யூனிட் மின்கலம் சரியாக 19.2 ஆகிவிடும். பெரிய மின்கலத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பழசாகும் காலத்துக்கான சேமிப்பு என்று இதைப் பார்க்கலாம். எந்த அளவுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது உத்தரவாதப் புத்தகத்தில் எழுதியிருக்கும். விற்பனையாளர் வாயால் சொல்வதைக் கேட்காமல் அந்தப் பக்கத்தை வாங்கிப் படியுங்கள்.

நம் பகுதியில் தூரத்தைத் தின்பவை இரண்டு. ஒன்று குளிரூட்டி. மே மாத வெயிலில் அது ஒரு மணி நேரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை இழுக்கலாம். போக வர ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினால் 10 முதல் 15 கி.மீ. குறையும். பயப்பட ஒன்றுமில்லை, கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். மற்றொன்று வேகம். காற்றின் தடை வேகத்தின் இருமடியில் கூடுகிறது. 60இல் போகிறவர் 90க்கு மாறினால் அந்தத் தடை இரண்டேகால் மடங்காகிறது. மல்லூர், ஆண்டகளூர் கேட் வழியாக 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பறப்பவருக்கும், ஆட்டையாம்பட்டிப் பக்கம் உள்சாலையில் நிதானமாகப் போகிறவருக்கும் ஒரே வண்டி வேறு வேறு தூரம் கொடுப்பது இதனால்தான். பெட்ரோல் வண்டிக்கு நெடுஞ்சாலையில் மைலேஜ் கூடும். மின்சார வண்டிக்கு ஊருக்குள் கூடும். பழகிய எண்ணம் இங்கே தலைகீழாகிறது.

மலை ஏறுமா என்று நாமக்கல் மாவட்டத்தில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை நம்முடையது ஆயிற்றே. இயற்பியல் ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையிலேயே போட்டுவிடலாம். ஆட்களோடு 1,400 கிலோ நிறையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. நிறை, ஈர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 37 லட்சம் ஜூல். ஒரு யூனிட்டுக்கு 36 லட்சம் ஜூல் என்று வகுத்தால் 3.8 யூனிட். மோட்டாரில் ஆகும் இழப்பையும் சேர்த்தால் நாலேகால் என்று கொள்ளலாம். அதாவது சமதளத்தில் 35 கி.மீ. ஓடியிருக்க வேண்டிய மின்சாரம் ஏறுவதற்கே போய்விடுகிறது. சாலையின் நீளத்துக்கு ஆகும் செலவு தனி. ஏறாது என்ற பேச்சுக்கு இடமில்லை, நன்றாகவே ஏறும். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறிக் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், பிரேக்கும் தேயாது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மலைமேல் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கத் தொடங்கினால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க மின்கலத்தில் இடம் இருக்காது. அப்போது மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்துவது குறைந்து, சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். மேலே எண்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கி.மீ. ஒன்றுக்கு என்ன செலவு?

"ரூபாய்க்கு ஒரு கிலோமீட்டர்" என்று காட்சியகத்தில் சொல்வார்கள். அது யாருடைய வீட்டு மின்கட்டணம் என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. இரண்டு மாதப் பயன்பாட்டைப் பொறுத்து அடுக்கடுக்காக ஏறுகிறது. 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தைக் கொண்டு ஒரு வீட்டைப் பார்ப்போம். அதன் பின் விகிதம் கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் அடுக்குமுறை அதே. முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. ஆனால் மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் 101 முதலே 4.50 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8, அதற்கு மேல் 9, 10, 11 என்று போகும்.

நாளுக்கு 50 கி.மீ., மாதம் 22 வேலை நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 2,200 கி.மீ. மின்னேற்றும்போது கொஞ்சம் வெப்பமாக வீணாகும். அதனால் கி.மீ.க்கு 0.13 யூனிட் என்று போட்டால் மீட்டரில் 286 யூனிட் கூடும். ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் வீட்டில் கட்டணம் 675 ரூபாய். கார் வந்த பிறகு 586 யூனிட்டுக்கு 2,638 ரூபாய். வித்தியாசம் 1,963 ரூபாய், கி.மீ.க்கு 90 பைசாவுக்குச் சற்றுக் குறைவு. இதே வீட்டில் மொத்தம் 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரையான சலுகை தப்பியிருக்கும். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501க்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்துகிறவர்கள் இதைக் கொடுத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் அன்று மாலையே வீட்டு மின் அட்டையைத் தேடுவார்கள். ஏற்கெனவே குளிரூட்டி ஓடி 700, 800 யூனிட் ஆகும் வீடாக இருந்தால் காரின் ஒவ்வொரு யூனிட்டும் மேல் அடுக்கில் போய் உட்காரும், கி.மீ.க்கு 1.30 வரைகூட வரும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், காரின் மைலேஜ் 18 என்று வைத்தால் கி.மீ.க்கு 5.55. இரண்டு மாதத்துக்கு 12,200 ரூபாய். ஆக ஆண்டுக்கு 13,200 கி.மீ. ஓட்டுகிறவருக்கு மிச்சம் ஏறத்தாழ 61,500 ரூபாய். இதே அளவுப் பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்குக் கையிலிருந்து இரண்டரை லட்சம் கூடுதலாகப் போகிறது என்று கொள்வோம். அந்தக் கூடுதல் தொகைக்கு மட்டும் 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணை போட்டால் மொத்தம் மூன்று லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டும். அது மிச்சத்தில் கழிய ஐந்து ஆண்டு ஆகும். அதன் பின் வருவதெல்லாம் லாபம்.

பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடுள்ள ஆசிரியரின் கணக்கைப் பாருங்கள். அவருக்குப் போக வரப் பத்து கி.மீ., கடைகண்ணி சேர்த்து மாதம் 420. இரண்டு மாதத்துக்கு 109 யூனிட்தான் கூடும், கி.மீ.க்கு 60 பைசா ஆகும். அருமையான விலை. ஆனால் ஆண்டுக்கு ஓடுவதே 5,000 கி.மீ. என்பதால் மிச்சம் 25,000 ரூபாய்தான். கூடுதல் விலையை எடுக்கப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். மின்கல உத்தரவாதமோ எட்டு ஆண்டு. தூரத்தைப் பற்றிக் கவலையே பட வேண்டாத ஒருவருக்கு மின்சாரக் கார் பணத்தை மிச்சப்படுத்தாது. நாளுக்கு 40 முதல் 80 கி.மீ. ஓட்டுகிறவருக்கே அது கை கொடுக்கிறது. சத்தமில்லை, கியர் இல்லை, புகை இல்லை என்பதற்காக வாங்குகிறேன் என்றால் அது வேறு. அதற்கும் மரியாதை உண்டு. சிக்கனம் என்ற பெயரில் மட்டும் வாங்க வேண்டாம். வெறும் சிக்கனம்தான் வேண்டும் என்றால் லிட்டருக்கு 45 கொடுக்கும் ஸ்கூட்டருக்கு ஆகும் 2.20 ரூபாயும் பேருந்துக் கட்டணமும் இன்னும் போட்டியில் இருக்கின்றன.

கூடுதல் விலை என்று நான் வைத்த இரண்டரை லட்சம் நிலையான எண் அல்ல. மின்சாரக் காருக்கு 2019 ஆகஸ்ட் முதல் சரக்கு மற்றும் சேவை வரி 5 சதவீதம். சிறிய பெட்ரோல் காருக்கு 28 சதவீதமாக இருந்த அதே வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. அதனால் பெட்ரோல் கார் மலிவாகி இடைவெளி கூடியது. மறுபக்கம் சாலை வரி. 2023 நவம்பர் முதல் ஐந்து முதல் பத்து லட்சம் விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள்கால வரி 13 சதவீதம். எட்டு லட்சம் காருக்கு அது 1,04,000 ரூபாய். மின்சார வண்டிகளுக்கு இதில் முழு விலக்கு அளித்த அரசாணை 2025 டிசம்பர் 31 வரைக்குமானது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ரூபாய் விஷயம். வருமான வரியில் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டு என்றும் சிலர் சொல்வார்கள். அந்தப் பிரிவு 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்பளிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டும் பொருந்தும். புதிய கடனுக்குக் கிடையாது.

மின்கலத்தை வாடகைக்கு எடுக்கும் திட்டமும் வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் காமெட்டுக்கு 4.99 லட்சமும் கி.மீ.க்கு 2.50 ரூபாயும் என்று அறிவித்தார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. 13,200 கி.மீ.க்கு ஆண்டு வாடகை 33,000 ரூபாய். முழு விலையோடு உள்ள வித்தியாசம் இரண்டு லட்சம், அது ஆறே ஆண்டில் வாடகையாகப் போய்விடும். குறைவாக ஓட்டுகிறவருக்கு இது பொருந்தலாம். ஆனால் ஓட்டாவிட்டாலும் மாதம் இத்தனை கி.மீ.க்குக் கட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று கையெழுத்துக்கு முன் கேட்டுவிட வேண்டும்.

வீட்டில் பிளக் இருந்தால் போதாது

வண்டியோடு வரும் மின்னேற்றியை 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டலாம் என்பார்கள். மாட்டலாம்தான். காமெட்டுக்குரிய 3.3 கிலோவாட் மின்னேற்றி 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இஸ்திரிப்பெட்டி பத்து நிமிடம் இழுக்கும், இது ஏழு மணி நேரம் விடாமல் இழுக்கும். மெலிந்த கம்பியும் தளர்ந்த பிளக்கும் அவ்வளவு நேரம் தாங்காது. மீட்டர் பெட்டியிலிருந்து நேராக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தனி எம்.சி.பி., கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., மழை படாத இடத்தில் நல்ல பிளக் என இவ்வளவும் வேண்டும். நீட்டிப்புப் பெட்டி கூடவே கூடாது. வீட்டு இணைப்பிலேயே சொந்த வண்டிக்கு மின்னேற்றலாம் என்று மத்திய மின்சக்தி அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை சொல்கிறது. ஆனால் உங்கள் இணைப்புக்கு ஒப்பளிக்கப்பட்ட மின்பளு ஒன்று, இரண்டு கிலோவாட்டாக இருந்தால் முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அதைவிடப் பலரைத் திண்டாட வைப்பது எர்த்திங். எர்த் சரியில்லை என்றால் மின்னேற்றி வேலையே செய்யாது, சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். வண்டியில் கோளாறு என்று சேவை மையத்துக்கு அலைவார்கள். கோளாறு வீட்டு முற்றத்தில் இருக்கும். நம் பகுதி பாறையும் வறண்ட மண்ணும் நிறைந்தது. கோடையில் எர்த் குழி காய்ந்தால் தடை கூடிவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர்மேனை அழைத்து கரியும் உப்பும் இட்டுக் குழியைச் சரிசெய்துவிட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

வெண்ணந்தூர் விசைத்தறி ஊர். தறிகளும் வீடுகளும் ஒரே மின்மாற்றியில் இருக்கும் தெருவில் மாலையில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு மூன்று நாள் அளந்து பாருங்கள். மிகக் குறைந்தால் மின்னேற்றி மெதுவாகும் அல்லது நின்றுவிடும். இரவு பதினொரு மணிக்கு மேல் ஏற்றும்படி நேரம் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

"பள்ளியிலேயே போட்டுக்கலாமே சார்?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். அது அரசு கட்டணம் செலுத்தும் மின்சாரம் என்பது ஒன்று. கணினிகளும் திறன் வகுப்பறைக் கருவிகளும் ஓடும் பழைய கம்பிகளில் மணிக்கணக்காக 14 ஆம்பியரை இழுப்பது ஆபத்து என்பது மற்றொன்று.

கூரையில் சூரிய மின்தகடு போட்டிருக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் தோன்றும். வெயில் அடிக்கும் நேரத்தில் வண்டி பள்ளியில் நிற்கிறது. வீடுகளுக்கு நிகர அளவீட்டு முறை இருப்பதால் பகலில் கொடுத்த யூனிட் இரவில் எடுத்ததோடு கழிந்துவிடும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. காருக்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் மேலே போட்ட அடுக்குக் கணக்கே மாறிவிடும்.

மாறுதல் வந்தால்?

மற்ற பணியிலிருப்பவர்களுக்கு அவ்வளவாக இல்லாத சிக்கல் இது. பொது மாறுதல் கலந்தாய்வோ பதவி உயர்வோ வந்தால் நம் அன்றாடத் தூரம் ஒரே நாளில் மாறிவிடும். பெட்ரோல் காருக்கு அதனால் செலவுதான் கூடும். மின்சாரக் காருக்கு முடியுமா முடியாதா என்ற கேள்வியே எழும். வாங்கும்போது இன்றைய 50ஐ வைத்துப் பார்க்காமல், இந்தப் பணியில் அதிகபட்சம் எவ்வளவு வரக்கூடும் என்று பாருங்கள். பழசான பிறகு 24 யூனிட் மின்கலத்தில் கையில் இருப்பது 128 கி.மீ.; குளிரூட்டிக்கு 15 போனால் 113. நாளுக்கு 100 வரை கவலையின்றிப் போகலாம். 19.2க்கும் காமெட்டுக்கும் அந்த எல்லை 80 அல்லது அதற்குச் சற்று மேல். இராசிபுரம், சேலம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று சுற்றுகிறவரைக்கும் பெரிய மின்கலம் போதும். மாவட்டம் விட்டு மாவட்டம் மாறுதல் கேட்டு வரிசையில் நிற்கிறவர் முடிவு தெரியும் வரை பொறுப்பது நல்லது. வாடகை வீட்டிலிருப்பவருக்கு இன்னொரு செலவு, ஒவ்வொரு வீடு மாற்றத்திலும் கம்பியும் எர்த்தும் புதிதாகப் போட வேண்டும். அதற்கு முன் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

வெளியூர்ப் பயணத்துக்கு விரைவு மின்னேற்றி நிலையங்கள் நெடுஞ்சாலை உணவகங்களிலும் பெட்ரோல் பங்க்குகளிலும் வந்திருக்கின்றன. பெரிய மின்கல டியாகோ அங்கே பத்திலிருந்து எண்பது சதவீதம் ஏற ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. யூனிட் விலை வீட்டைப் போல மூன்று மடங்கு வரை ஆகலாம். காமெட்டில் அந்த வகை விரைவு மின்னேற்றமே கிடையாது. சேலத்திலிருந்து சென்னைக்கு அதில் போக நினைக்க வேண்டாம், ரயில் இருக்கிறது.

வாங்கிய பின் பள்ளி வளாகத்தில் ஒரு கவனம் வேண்டும். இந்த வண்டி மெதுவாக ஊர்ந்து வரும்போது சத்தமே கேட்காது. என்ஜின் ஒலியைக் கேட்டு விலகிப் பழகிய பிள்ளைகள், முதுகுக்குப் பின்னால் கார் வருவதை அறியாமல் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள். வாயிலுக்கு வெளியிலேயே நிறுத்துவது மேல். உள்ளே கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் ஒருவர் முன்னால் நடந்து வர வேண்டும், பின்னோக்கி எடுக்கும்போது கட்டாயம் ஒருவர் நிற்க வேண்டும். இடைவேளையில் வண்டியை நகர்த்தவே வேண்டாம்.

சோதனை ஓட்டத்துக்குக் காட்சியகத்தைச் சுற்றி இரண்டு கி.மீ. ஓட்டிவிட்டுத் திரும்புவதில் எந்தப் பயனும் இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கு நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில், வீட்டில் உள்ளவர்களையும் ஏற்றிக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணி வெயிலில், குளிரூட்டியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். வேகத்தடைகளில் அடி தட்டுகிறதா, உதிரிச் சக்கரம் கொடுக்கிறார்களா, மாமியார் கைப்பிடி இல்லாமல் ஏறி இறங்குகிறாரா என்பதெல்லாம் அப்போது தெரியும். புறப்படும்போதும் திரும்பும்போதும் மின்கலச் சதவீதத்தையும் கி.மீ. எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். 48 கி.மீ.க்கு 24 சதவீதம் இறங்கியிருந்தால், 24 யூனிட் மின்கலத்தில் அது 5.76 யூனிட், கி.மீ.க்கு 0.12. உங்களுக்கு 0.14 வந்தால் மேலே உள்ள எல்லாத் தூரங்களையும் ஏழில் ஆறு பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் தரமாட்டோம் என்று காட்சியகத்தில் மறுத்தால், அதே வண்டியை ஒரு கோடையாவது ஓட்டிய ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து, கார் வாங்குவதற்கு முந்தைய மின்கட்டணத்தையும் பிந்தையதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.